பழைய எஸ் கிளாஸ் பென்ஸ் வாங்கும் முன்: எம்ஓடி பற்றியும் வழக்கமான பழுதுகள் பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 2006 முதல் 2013 வரை விற்ற மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், அதாவது டபிள்யூ221 என்று எல்லாரும் சொல்கிற மாடல், இன்றைக்கு ஒரு புதுச் சின்னக் காரின் விலையில் பாதி கூட இல்லாமல் கிடைக்கிறது. தோல் இருக்கை, தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவு, காற்றில் மிதக்கிற மாதிரி ஒரு ஓட்டம். ஆசை வருவது இயல்பு. ஆனால் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள்: "புது எம்ஓடி இருக்கு." எம்ஓடி என்பது பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடா வருடம் நடக்கும் சாலைத்தகுதிச் சோதனை. அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான் இது.

எம்ஓடியில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்?

வண்டி இன்றைக்குச் சாலையில் ஓடத் தகுந்த குறைந்தபட்ச நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 1960-ல் அன்றைய போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த சோதனை இது. முதலில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் இருந்தது, 1967 முதல் மூன்று வயதானாலே கட்டாயம் (வட அயர்லாந்தில் நான்கு வயது). காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்ட், பல கராஜ்களில் அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள்.

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட், புகை, பாடியின் முக்கியமான இடங்களில் துரு, சில எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் பட்டியலில் உண்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அதில் கிடையாது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்கவும் கூடாது. எஸ் கிளாஸ் மாதிரி அடிப்பகுதி முழுக்க பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிய வண்டிக்கு இந்த ஒரு விதியே பெரிய விஷயம், ஏனென்றால் அந்தத் தகட்டுக்கு மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பன்னிரண்டு மாத எம்ஓடி சுத்தமாக இருக்கிறது. அது போதாதா?

போதாது. மூன்று உதாரணம் சொல்கிறேன், மூன்றுமே இந்த வண்டியில் சர்வசாதாரணம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் முன்பக்க மூலை ஒன்று ஏர் சஸ்பென்ஷனிலிருந்து காற்று இறங்கி சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். காலையில் எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரஸர் காற்றை அடித்து வண்டியைத் தூக்கிவிடும். கராஜுக்குப் போய்ச் சேரும்போது உயரம் சரியாகத்தான் இருக்கும், சோதனையில் அது கசிவுள்ள வண்டி மாதிரியே தெரியாது.

அடுத்தது ஆயில். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகக் குட்டை கட்டினால்தான் கசிவு என்று ஃபெயில் செய்ய முடியும். சொட்டும் ஆயில் எல்லாம் அடித்தகட்டிலேயே தேங்கிவிட்டால் தரையில் ஒரு துளி கூட விழாது.

மூன்றாவது எஞ்சின் விளக்கு. பெட்ரோல் வண்டி 2003 ஜூலை 1-க்குப் பிறகு வந்தது, டீசல் 2008 ஜூலை 1-க்குப் பிறகு வந்தது என்றால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருப்பது ஃபெயில். ஆனால் எம்ஓடியில் வண்டியின் கம்ப்யூட்டரோடு எந்தக் கருவியையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அதனால் சோதனைக்குப் போகிற வழியில் மலிவான ஸ்கேனர் ஒன்றால் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டுப் போனால் விளக்கு எரியாது, வண்டி பாஸ். அடுத்த வாரம் வாங்கியவர் கையில் அது மறுபடி எரியும்.

எம்ஓடி தேர்ச்சி விகிதம் என்று இணையத்தில் போடுகிறார்களே, அதை வைத்து நம்பகமான கார் எது என்று சொல்லலாமா?

ஓரளவுக்கு. சோதனை முடிவுகளைப் பெயர் விவரம் நீக்கி அரசே பொதுவில் வெளியிடுகிறது, அதைக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பட்டியல்கள் வருகின்றன. தரவு உண்மைதான், ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு பல நேரம் தப்பு. நம்பர் பிளேட் விளக்கு எரியாததும் ஃபெயில், வண்டியின் அடிச்சட்டகம் துருப்பிடித்து ஓட்டையானதும் ஃபெயில், விகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். பெரிய பழுது வந்து பழைய இரும்புக்குப் போன எஸ் கிளாஸ் அடுத்த வருடம் சோதனைக்கே வராது, எஞ்சியிருக்கும் நல்ல வண்டிகளால் விகிதம் கூடியது போலத் தோன்றும். அதோடு இந்த வண்டிகளில் பல முதல் சில வருடங்கள் நிறுவனங்களின் பெயரிலும் வசதியானவர்களின் கையிலும் இருந்தவை, சோதனைக்கு முன்பே டீலர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் வந்த பிறகுதான் உண்மையான கதை ஆரம்பிக்கிறது.

எனவே மாடலின் சராசரியைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் வரலாறுதான் முக்கியம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, டபிள்யூ221 எதில்தான் ஃபெயில் ஆகும்?

பெரும்பாலும் சாதாரண விஷயங்களில். இரண்டு டன் எடையுள்ள வண்டி, பிரிட்டனின் குழிகள் நிறைந்த சாலை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ்களும் பால் ஜாயிண்டும் தேய்வது தவிர்க்க முடியாதது. பால் ஜாயிண்டின் தூசி உறை வெடித்திருந்தால் முதலில் சின்னக் குறை என்று எழுதுவார்கள், அழுக்கு உள்ளே போகிற அளவுக்குக் கிழிந்தால் பெரிய குறை, ஃபெயில். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் அதிக நாள் தாங்காது, சேர்த்தே செய்துவிடுவது நல்லது.

டயர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நடு முக்கால் பங்கில் 1.6 மில்லிமீட்டர் தடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வண்டியில் வெளிப்பக்கம் அழகாக இருக்கும்போதே உள்விளிம்பு வழுக்கையாகிவிடும், புஷ் தேய்ந்து சக்கரத்தின் கோணம் மாறுவதும் ஏர் சஸ்பென்ஷன் சரியான உயரத்தில் இல்லாததும் காரணம். நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு டயருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் அது "ஆபத்தானது" என்ற வகை. அந்த டயரோடு போலீஸிடம் மாட்டினால் ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண்ட் வரை அபராதமும் உரிமத்தில் மூன்று அபராதப் புள்ளிகளும் விழும். டயர் மட்டும் மாற்றி அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் புது டயரும் அதே கதிதான்.

பார்க்கிங் பிரேக் இந்த மாடலில் பட்டனில் இயங்குகிறது. மோட்டார் கேபிளை இழுக்க, பின்சக்கர டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சின்ன ஷூக்கள் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் பலர் அந்தப் பட்டனை அழுத்துவதே இல்லை, ஷூ துருவேறிப் பிடிமானம் போய்விடுகிறது. சோதனையில் 16 சதவீதம் பிடிமானமாவது காட்ட வேண்டும். கோளாறு விளக்கு எரிந்தாலும் ஃபெயில்தான்.

ஏர்பேக் விளக்கும் அப்படியே. பயணி இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று உணரும் பாய் பழுதாவது அந்தக் காலத்து மெர்சிடிஸ்களில் பழைய வியாதி. அதற்கு ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி விளக்கை அணைத்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள், அந்த இருக்கையில் உட்காரப்போவது உங்கள் வீட்டு ஆள்.

பின்பக்கம் போகும் பிரேக் குழாய்களும் குளிர்கால உப்பில் அரிக்கும். அறிக்கையில் "பிரேக் குழாய் கிரீஸால் மூடப்பட்டிருக்கிறது" என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருந்தால், கிரீஸுக்குக் கீழே என்ன என்று யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஏர் சஸ்பென்ஷன் அவ்வளவு பெரிய செலவா?

விட்டுவைத்தால் பெரிய செலவு. முன்பக்கத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற காற்றுத் தூணின் ரப்பர் வெடித்துக் காற்று மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். கம்ப்ரஸர் அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருக்கும், சில நிமிடங்கள் மட்டும் ஓட வேண்டிய சாதனம் ஓயாமல் ஓடினால் அதுவும் எரியும், சில நேரம் ரிலேயும் சேர்ந்து போகும். அதனால் கம்ப்ரஸர் மட்டும் புதிதாகப் போட்ட ரசீதைக் காட்டி "எல்லாம் சரிசெய்தாச்சு" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள், கசிவைக் கண்டுபிடித்தார்களா என்று கேளுங்கள். ஸ்ட்ரட் ஒரு பக்கத்துக்கே பல நூறு பவுண்ட். பில்ஸ்டீன், ஆர்னாட் போன்றவை தயாரிப்பாளரின் விலையைவிடக் குறைவாக நல்ல மாற்று தருகின்றன. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

எஸ்600, ஏஎம்ஜி வண்டிகளில் இருப்பது வேறு. அது ஏபிசி எனும் ஹைட்ராலிக் அமைப்பு, அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடுகிற பம்பு, குழாய், வால்வு எல்லாம் விலை அதிகம். அதைத் தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டீசலா, பெட்ரோலா?

லண்டனில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதில் சுலபம். 2023 ஆகஸ்ட் 29 முதல், புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் யூலெஸ் மண்டலம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது, ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் எங்கிருந்தாலும் தப்ப முடியாது. பெட்ரோல் வண்டிக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் இருந்தால் போதும், இந்த மாடலின் பெட்ரோல் வண்டிகள் தேறிவிடும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும், எஸ்320 சிடிஐ தேறாது, ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். கடைசி வருடங்களில் வந்த, புகையைச் சுத்தமாக்க ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்றும் ப்ளூடெக் வண்டிகளில் சில யூரோ 6, பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சின் பெரும்பாலும் ஓஎம்642, மூன்று லிட்டர் வி6. நெடுஞ்சாலையில் ஓட அருமையான எஞ்சின், இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வி வடிவத்தின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலரின் சீல் கெட்டியாகிக் கசியும். சீல் சில பவுண்ட்தான், அதை அடைய மேலே இருப்பதை எல்லாம் கழற்ற வேண்டும், கூலி மட்டும் ஒரு நாளைத் தாண்டும். பின்பக்கமாக வழிவதால் பல மெக்கானிக்குகள் இதை கிராங்க் சீல் கசிவு என்று தப்பாக நினைத்துக் கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். இன்னொன்று டர்போவின் காற்று நுழைவாயில் சீல். அதில் வழியும் எண்ணெய் நேராக, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் இன்லெட் மோட்டார் மேல் விழுந்து அதைக் கெடுக்கும், வண்டி வேகமே எடுக்காது. டீசல் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரை உள்ளே குடைந்து எடுத்த வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அது இல்லை என்றோ கைவைக்கப்பட்டிருக்கிறது என்றோ தெரிந்தால் எம்ஓடி ஃபெயில், ஓட்டினால் ஆயிரம் பவுண்ட் வரை அபராதம்.

பெட்ரோலில் பெரும்பாலும் எம்272 வி6, எம்273 வி8 என்ற எஞ்சின்கள். ஆரம்ப கால எம்272-ல் பேலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம் மென்மையான உலோகத்தால் ஆனதால் பல் தேய்ந்துவிடும், எம்273-ல் டைமிங் செயினை வழிநடத்தும் பற்சக்கரம் அதேபோல். எம்272-ல் அதைச் சரிசெய்ய எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும், வண்டியின் விலையைத் தொட்டுவிடும் செலவு. எஞ்சின் எண்ணின் கடைசிப் பகுதி எம்272-ல் 30 468993-க்கு மேலேயும், எம்273-ல் 30 088611-க்கு மேலேயும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 2006, 2007 வண்டி என்றால் எஞ்சின் எண்ணைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேனரில் பி0016, பி0017 என்ற குறியீடுகள் வந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

சாலை வரியையும் மறக்காதீர்கள். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிகளுக்கு, புகை அளவைப் பொறுத்து ஏறும் வரி ஒரு பட்டைக்கு மேல் போகாது, அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான எஸ்500 மாதிரி வண்டிகள் எல்லாவற்றிலும் உயர்ந்த பட்டைக்குப் போய்விடும். ஒரு நாள் வித்தியாசத்தில் வருடா வருடம் பல நூறு பவுண்ட் அதிகம்.

கியர்பாக்ஸ்?

பெரும்பாலான வண்டிகளில் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். இயந்திரம் உறுதியானது, உள்ளே எண்ணெயில் மூழ்கியிருக்கும் எலெக்ட்ரானிக் பலகையின் வேக சென்சார்கள்தான் போகும். ஒரே கியரில் மாட்டிக்கொள்வது, வெட்டி இழுப்பது அடையாளம். எண்ணெய் மாற்றிய ரசீது இல்லாத வண்டியில் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

துருப்பிடிக்குமா?

இதற்கு முந்தைய டபிள்யூ220 அளவுக்கு இல்லை. அதன் முன் மட்கார்டும் கதவின் அடியும் துருவில் போனது ஊரறிந்தது. டபிள்யூ221-ல் பானட்டும் முன் மட்கார்டும் அலுமினியம். ஆனாலும் ஜாக் வைக்கும் இடம், பின்சக்கர வளைவு, அடியில் உள்ள குழாய்களைப் பாருங்கள். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலவீனமான துரு இருந்தால் எம்ஓடி ஃபெயில்.

எம்ஓடி வரலாற்றை எப்படி வாசிப்பது?

இதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக முக்கியமான வேலை, அதுவும் இலவசம். அரசின் தளத்தில் பதிவெண்ணைப் போட்டால் பாஸ், ஃபெயில், மைல், பாஸானாலும் கவனிக்கச் சொல்லி எழுதும் குறிப்புகள் எல்லாம் வரிசையாக வரும். நோயாளியின் பழைய மருத்துவச் சீட்டுகளைப் படிப்பதைப் போல வருட வரிசையில் படியுங்கள்.

மைல் ஏறுமுகமாகவே இருக்கிறதா? நடுவில் ஒரு வருடம் குறைந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அல்லது எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம், அடுத்த வருட எண் எது என்று சொல்லிவிடும். வருடத்துக்கு இருநூறு மைல் மட்டும் ஓடிய காலம் இருந்தால் வண்டி நின்றே கிடந்திருக்கிறது, ரப்பரும் பிரேக்கும் அதற்கு நன்றி சொல்லாது. சோதனையே இல்லாத இரண்டு வருட இடைவெளி என்றால் ஏன் என்று கேளுங்கள், பதில் தயங்கி வந்தால் கிளம்புங்கள்.

குறிப்புகள்தான் பொன். ஒரே "முன் புஷ் தேய்ந்திருக்கிறது" மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால், அந்த உரிமையாளர் பாஸாகும் அளவுக்கு மட்டும் செலவு செய்கிறவர். எண்ணெயும் அப்படித்தான் மாற்றியிருப்பார். மாறாக, ஒரு வருடக் குறிப்பு அடுத்த வருடம் காணாமல் போய், அதற்கு ரசீதும் இருந்தால் அந்த வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம், நான் தயங்காமல் கொடுப்பேன். பதினைந்து வயது வண்டியில் பல வருடம் ஒரு குறிப்பு கூட இல்லை என்றால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் வர வேண்டும். உரிமையாளரிடம் உள்ள வி5சி என்ற பதிவுப் பத்திரத்தின் பதினொரு இலக்க எண்ணைக் கொடுத்தால் எந்த நிலையத்தில் சோதித்தார்கள் என்றும் தெரியும். விற்கிறவரின் சொந்த கராஜிலேயே எல்லாம் நடந்திருந்தால் கவனம்.

அப்புறம், பல உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் வண்டிகளுக்காக நடத்தும் சோதனை நிலையங்களைப் பொதுமக்களுக்கும் திறந்து வைத்திருக்கின்றன. அவர்கள் பொதுமக்களின் வண்டிக்குப் பழுதுவேலை செய்வதில்லை, அதனால் வேலையை உருவாக்கவும் மறைக்கவும் காரணம் இல்லை. "கட்டணம் நான் தருகிறேன், அங்கே ஒரு எம்ஓடி போடுவோம்" என்று விற்கிறவரிடம் கேட்டுப்பாருங்கள். அவர் முகத்திலேயே பாதி பதில் கிடைக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் வருவதற்கு முன் எஞ்சினைப் போட வேண்டாம் என்று. நான்கு மூலையின் உயரத்தையும் அப்படியே பாருங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினைப் போடும்போது முதல் சில நொடிகள் செயின் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஸ்கேனரை மாட்டிக் கோளாறுக் குறியீடுகளோடு, வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் உள்சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள், எல்லாமே "தயாராகவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கதவு, இருக்கை, திரை எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள், இவற்றில் பெரும்பாலானவற்றை எம்ஓடி தொடாது. வண்டியின் பேரில் கடன் பாக்கி உண்டா என்று தனியாக ஒரு சோதனை போடுங்கள்.

ஃபெயில் ஆனால் வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா?

பழைய எம்ஓடி இன்னும் முடியவில்லை, "ஆபத்தானது" என்று எதுவும் எழுதவில்லை, வண்டியும் சாலைக்குத் தகுதியாக இருக்கிறது என்றால் போகலாம். அதனால்தான் காலாவதிக்கு முன்பே சோதிப்பது நல்லது, ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்கூட்டிச் செய்தாலும் அடுத்த வருடத் தேதி மாறாது. காலாவதியான பிறகு, முன்பதிவு செய்த சோதனைக்கோ பழுதுபார்க்கவோ போவதைத் தவிர மற்ற ஓட்டத்துக்கு ஆயிரம் பவுண்ட் வரை அபராதம் உண்டு.

வாங்கிய அடுத்த வாரம் அடியில் பெரிய துரு இருப்பது தெரிகிறது. பாஸ் செய்தவர் மேல் புகார் செய்யலாமா?

செய்யலாம், சீக்கிரம் செய்யுங்கள். எம்ஓடி சோதனைகளைக் கண்காணிக்கும் அரசின் டிவிஎஸ்ஏ அமைப்புக்கு விடி17 படிவத்தை அனுப்ப வேண்டும். துரு சம்பந்தமானது என்றால் சோதனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம், மற்ற குறைகளுக்கு 28 நாள். கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, சோதனை நாளிலிருந்துதான். புகாரை ஏற்றால் அவர்களே வண்டியை மறுபடி பார்ப்பார்கள். அதுவரை அந்த இடத்தில் வெல்டிங்கோ பெயிண்டோ எதுவும் செய்யாமல் அப்படியே விட்டு வையுங்கள், படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.